குடிக்கக் கூடாத கஷாயம்

மினியாபொலிஸ்,
டிசம்பர் 14.

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கு அனைவரும் நலம். அங்கு நீங்கள் நலமாக இருப்பது உங்கள் குரலின் கனத்திலேயே தெரிந்துவிட்டது. வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல் பதிவை நான் கேட்டேன், உங்கள் மகள் கேட்டாள், ஸ்பீக்கரில் ஓடியதால் பேரப்பிள்ளைகள் இருவரும் கேட்டார்கள். இடையில் ரயில் கூவியபோது மட்டும் நீங்கள் கொஞ்சம் நிறுத்தினீர்கள். 2023இல் போடிக்கு ரயில் திரும்ப வந்ததில் ஊராருக்குப் பலவித லாபம். என் லாபம் அந்த அரை நிமிட அமைதி.

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "ஏலக்காயக் கொதிக்க வச்சு, குடிக்காம கொள்ளாம சிங்க்குல ஊத்துறீகளாமே, புத்தி பெரண்டு போச்சா மாப்ள?" நடுவில், 2019 ஆகஸ்டில் காய் கிலோ 7000 ரூபாய் வரை ஏலம் போனதையும், அந்த மாதம் சல்லடையிலிருந்து தெறித்த ஒற்றைக் காயைக்கூட நீங்கள் குனிந்து பொறுக்கியதையும், அதனால் வந்த இடுப்பு வலியையும், அதற்குத் தேய்த்த தைலத்தையும் சொன்னீர்கள். எல்லாம் நியாயம். ஆனால் ஃபோனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நீங்கள் என்னை ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க விட மாட்டீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. காயைக் கொதிக்க வைத்தது நான் இல்லை, உங்கள் மகள். இங்கே வந்திருக்கிற அம்மா உங்களிடம் "இவன் வீட்டுல இப்படி நடக்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னதற்குக் காரணம், தம்பி மகளைத் தம்பியிடமே காட்டிக்கொடுக்க மனம் வராததுதான். பழி போட மகன் ஒருவன் கைவசம் இருக்கும்போது மருமகளை ஏன் இழுக்க வேண்டும்?

அம்மா பார்த்ததை அப்படியே சொல்கிறேன். அடுப்பில் பெரிய பாத்திரம், முக்கால்வாசி தண்ணீர். அதில் வட்டம் வட்டமாக நறுக்கிய ஆரஞ்சு, ஒரு கைப்பிடி கிரான்பெரி, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ, தட்டிப்போட்ட ஏலக்காய், ஒரு கொத்து ரோஸ்மேரி, எல்லாவற்றுக்கும் மேலே ஃபர் மரத்தின் சின்னக் கிளை ஒன்று. கிரான்பெரி என்பது இந்தப் பக்கத்துப் பழம். பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் மட்டும் இந்த நாட்டு விளைச்சலில் பாதிக்கு மேல் வருகிறது. சிவப்பாகவும் பல் கூசும் புளிப்பாகவும் இருப்பதால் அம்மா அதற்குக் களாக்காய் என்றே பெயர் சூட்டிவிட்டாள். தண்ணீர் கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மணிக்கணக்கில் சிம்மிலேயே விட்டுவிடுவார்கள். ஆவி வீடெல்லாம் பரவும், வீடு மணக்கும். இதற்கு இங்கே சிம்மர் பாட் என்று பெயர். நவம்பர் கடைசியில் ஆரம்பித்து கிறிஸ்துமஸ், புத்தாண்டு தாண்டும்வரை இதுதான் சீசன்.

அம்மா சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து இதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாகு வைப்பார்கள், வடிகட்டுவார்கள், குறைந்தபட்சம் ஆளுக்கொரு தம்ளரில் ஊற்றித் தருவார்கள் என்று காத்திருந்தாள்.

"ஏத்தா, இத எப்ப எறக்குவ?"

"எறக்கற சோலியே இல்ல அயித்த. இது வாசத்துக்கு."

"வாசம்தான் வந்துருச்சே. யாருக்குக் குடுக்க?"

"யாருக்கும் இல்ல. சும்மா கொதிக்கணும்."

சும்மா கொதிப்பது என்ற ஒரு காரியத்தை அம்மா தன் எழுபது சொச்சம் வயதில் பார்த்ததில்லை. மாலை இருட்டியதும் பாத்திரத்தைக் கழுவப் போட்டபோது அந்தச் சிவந்த தண்ணீர் சிங்க்கில் சுழன்று இறங்குவதைப் பார்த்தாள். கிராம்புகள் வலையில் மாட்டின. கையோடு ஃபோனை எடுத்து, அங்கே என்ன நேரம் என்றும் பார்க்காமல் உங்களை விடியற்காலையில் எழுப்பிவிட்டாள். அதன் பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

இப்போது காரணத்துக்கு வருகிறேன்.

போடியில் நம் வீட்டில் வாசம் எப்போதாவது பிரச்சினையாக இருந்ததுண்டா மாமா? முன்வாசல் திறந்திருக்கும், பின்வாசல் திறந்திருக்கும், முற்றத்துக்கு மேலே வானம். தாளித்த வாசம் வந்த வழியே தெருவுக்குப் போய்விடும். தெருவிலிருந்து கோடவுன் வாசம் உள்ளே வரும். எங்கள் வீட்டு ரசம் எதிர்வீட்டுக்கு, எதிர்வீட்டு மீன்குழம்பு எங்களுக்கு என்று கொடுக்கல் வாங்கல் நடந்துகொண்டே இருக்கும்.

இங்கே டிசம்பரில் மாலை நாலரைக்கெல்லாம் சூரியன் கடையைச் சாத்திவிட்டுப் போய்விடும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரை இறங்கும். மரச்சட்டத்தில் கட்டி, சுவருக்குள் பஞ்சு அடைத்து, ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி போட்ட வீடு. நவம்பரில் சாத்திய ஜன்னலை மார்ச்சில்தான் திறப்போம். நிலவறையில் ஒரு ஹீட்டர் காற்றைச் சுடவைத்து, குழாய் வழியாக எல்லா அறைக்கும் தள்ளும். அறைக்காற்றையே இழுத்து, அதையே மறுபடி சூடாக்கித் திருப்பி அனுப்பும். ஆகவே சமையலறையில் கடுகு வெடித்தால் அந்த வாசம் நேரே படுக்கையறைக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும். வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் தொங்கும் குளிர் கோட்டுகள் மிச்சத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். நான் ஆபீஸ் லிஃப்டில் ஏறினால், நேற்று எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்று அக்கவுண்ட்ஸ் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும்.

சாம்பிராணி போட வேண்டியதுதானே என்பீர்கள். அம்மாவும் அதையேதான் சொன்னாள், சொன்னதோடு நிற்கவில்லை. கார்த்திகை தீபத்தன்று, ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த தூபக்காலில் கரியைப் பற்றவைத்துச் சாம்பிராணியைத் தூவினாள். இங்கே ஒவ்வொரு அறையிலும் புகைக்கு ஒரு அலாரம் இருக்கிறது. ஒன்று கத்தினால் மற்றவையும் துணைக்குக் கத்தும்படி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்திருக்கிறார்கள். மேல்மாடி, கீழ்மாடி, நிலவறை எல்லாம் ஒரே கூக்குரல். பையன் துண்டை எடுத்து அலாரத்துக்கு விசிறினான், பெண் காதைப் பொத்திக்கொண்டு சோபாவுக்குப் பின்னால் போனாள், அம்மா தூபக்காலோடு வெளியே ஓடிப் பனியில் நின்றாள். அன்று எங்கள் தெருவுக்கு நல்ல தெய்வ மணம். வீட்டுக்குள்தான் இல்லை.

ஆக, புகை ஆகாது. மிஞ்சியது ஆவி. திறந்த வீட்டுக்காரர்களான நமக்குப் புகை தோது. சாத்திய வீட்டுக்காரர்களான இவர்களுக்கு ஆவிதான் தோது. அதிலும் குளிர்காலத்தில் ஹீட்டர் காற்று எலும்புவரை உலர்த்துகிறது. உதடு வெடிக்கிறது, கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று மின்சாரம் அடிக்கிறது. கொதிக்கிற பாத்திரம் கொஞ்சம் ஈரத்தையும் சேர்த்தே தருகிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படக் கூடாது. சாம்பிராணியை நாம் தின்கிறோமா? சுமத்ரா பக்கம் மரத்தைக் கீறி எடுத்த பிசினைக் காசு கொடுத்து வாங்கி, வெள்ளிக்கிழமை தவறாமல் நெருப்பில் போட்டுப் புகையாக்குகிறோம். கற்பூரமும் அப்படியே. அதை யாரும் வீண் செலவு என்று சொன்னதில்லை, அம்மா உங்களை ஐந்தரை மணிக்கு எழுப்பியதும் இல்லை. மூக்குக்கென்று தனியாகச் செலவு செய்வது நமக்குப் புதிதில்லை மாமா. ஏலக்காய் என்றதும்தான் உங்களுக்கு வயிறு எரிகிறது. அது தொழில் விசுவாசம்.

எங்கள் வீட்டில் இது எப்படித் தொடங்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதன் மூலம் உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. அம்மா புறப்பட்டபோது அத்தை பொட்டலம் பொட்டலமாக நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு சனிக்கிழமை மத்தியானம் அதை வறுத்து, தொக்காக்கி, பரமானந்தமாகச் சாப்பிட்டு முடித்தோம். அப்போதுதான் மாலையில் என் மேலதிகாரி குடும்பத்தோடு டீக்கு வருவது உங்கள் மகளுக்கு ஞாபகம் வந்தது. அவள் பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் ஓடினாள். பாட்டி கொடுத்த மருந்துதான் இந்தப் பாத்திரம்.

மருந்து வேலை செய்ததா என்றால், பாதி. ஆரஞ்சும் பட்டையும் கருவாட்டை விரட்டாது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், அவ்வளவுதான். மேலதிகாரி வந்தபோது வீட்டில் கருவாடு கிறிஸ்துமஸ் கொண்டாடிக்கொண்டிருந்தது. அவர் மூக்கைச் சுளிக்கவில்லை, ஆனால் என்ன வாசனை என்று இரண்டு தடவை கேட்டார். இப்போது முறை தெரிந்துவிட்டது: முதலில் குளிரோ கிளிரோ, எதிரெதிர் ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் திறந்து பழைய காற்றை வெளியே தள்ள வேண்டும். அதன் பிறகுதான் பாத்திரம். வீடு விற்கப் போகிறவர்கள், ஆள் பார்க்க வருகிற நேரத்தில் அடுப்பில் பட்டையைப் போட்டு வைப்பது இங்கே தரகர்களின் பழைய தந்திரம். வீட்டுக் குழாய் ஒழுகுவது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாமல் போக, மூக்கைப் பிடித்து இழுத்துவிடுவார்கள்.

அந்தப் பாட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நார்வேயிலிருந்து வந்த குடும்பம். எங்கள் மாநிலமான மினசோட்டாவில் நார்வே, ஸ்வீடன் வம்சத்தார் நிறைய. 19ஆம் நூற்றாண்டிலிருந்தே நிலம் தேடிக் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தவர்கள். நேற்றுகூட ஸ்வீடன்காரர்களுக்கு லூசியா நாள். பெண்பிள்ளைகள் தலையில் மெழுகுவத்திக் கிரீடம் வைத்து ஊர்வலம் போனார்கள். "தலையிலயா தீய வைக்கிறது!" என்று அம்மாவுக்கு ராத்திரி முழுக்க அதே கவலை. நான் சொல்ல வந்தது வேறு. இந்த வடதுருவத்துப் பக்கத்து ஜனங்களுக்கு ஏலக்காய் என்றால் உயிர். பாயசம் தெரியாது, பிரியாணி தெரியாது. ஆனால் ரொட்டியில், பன்னில் ஏலக்காய் இல்லாவிட்டால் பண்டிகையே இல்லை. நார்வேக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு யூலெகாகே என்று ஒரு ரொட்டி சுடுவார்கள். உலர்ந்த திராட்சை, சர்க்கரையில் ஊறிய நார்த்தைத் தோல், ஏலக்காய் சேர்ந்தது. பாட்டி அதற்காகத் தன் ஏலக்காய் டப்பாவைத் திறந்து எங்களுக்குக் காட்டினார்.

மாமா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். அத்தனையும் வெள்ளைக் காய். வெளுக்க வைத்த காய். பச்சை நிறம் மங்கினால் விலை போகாது என்று நீங்கள் டிரையர் பக்கத்தில் விடிய விடியக் காவல் இருப்பீர்களே, அந்தப் பச்சையை மெனக்கெட்டுப் போக்கி, வெளுத்த காயைத்தான் அந்தக் காலத்திலிருந்து இவர்கள் விரும்பி வாங்கியிருக்கிறார்கள். சூப்பர் மார்க்கெட்டில் எங்கள் வீட்டுக்கு வாங்கிய புட்டியை அம்மா திருப்பிப் பார்த்தாள். குவாத்தமாலா என்று போட்டிருந்தது. "அது எந்தப் பக்கம்? கம்பத்துக்கு அங்கிட்டா?" என்றாள். மத்திய அமெரிக்கா, முதல் உலகப் போர்க் காலத்தையொட்டி ஒரு ஜெர்மன் காப்பித் தோட்டக்காரர் அங்கே ஏலச்செடியைக் கொண்டுபோய் நட்டார், இப்போது ஏற்றுமதியில் நம்மை முந்தி நிற்கிறார்கள் என்று விளக்கினேன். அம்மா புட்டியை மூடி, முகம் சுவரைப் பார்க்கும்படி வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு பாத்திரத்தில் அந்தக் காயைப் போடும்போது மட்டும் அம்மா வாய் திறப்பதில்லை. குவாத்தமாலாக்காரன் காய் எத்தனை கொதித்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

அம்மா உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒரு கதை இருக்கிறது; அதை நான் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அம்மாவுக்கு நல்ல ஜலதோஷம், மூக்கு முழுதாக அடைப்பு. ஊராக இருந்தால் நொச்சி பறித்துப் போட்டு ஆவி பிடித்திருப்பாள். மினியாபொலிஸில் நொச்சிக்கு எங்கே போவது? பகலில் துணைக்கு இருக்கட்டும் என்று அவளைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போனோம். அங்கேயும் அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா பார்த்தாள். பாட்டியிடம் ஜாடையில் துண்டு கேட்டாள். பாத்திரத்தைப் பதமாக இறக்கி மேசையில் மரப்பலகை மேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைக்கு முக்காடாகத் துண்டைப் போர்த்திக்கொண்டு குனிந்துவிட்டாள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும், பாட்டிக்கு ஆங்கிலமும் பண்டிகைக்குக் கொஞ்சம் நார்வே மொழியும். விருந்தாளி தன் அலங்காரப் பாத்திரத்துக்குள் தலையை விடுவதைப் பார்த்து அந்த அம்மாள் என்ன நினைத்தாரோ, எதுவும் கேட்கவில்லை. சாயங்காலம் நான் அழைத்துவரப் போனபோது அம்மாவுக்கு மூக்கு திறந்திருந்தது. மேசையில் இன்னொரு முக்காடு குனிந்திருந்தது. அது பாட்டி.

இதில் மாயம் எதுவும் இல்லை. ஏலக்காயிலும் ரோஸ்மேரியிலும் சினியோல் என்று ஒரு சரக்கு இருக்கிறது. நீங்கள் இடுப்பில் தேய்த்தீர்களே, அந்த நீலகிரித் தைலத்தின் உயிரே அதுதான். அம்மா பிடித்தது நொச்சி இல்லாத ஆவி, அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் இந்தப் பாத்திரத்தைத் திட்டுவது பாதியாகக் குறைந்துவிட்டது. மீதிப் பாதியைத்தான் உங்களுக்கு ஃபோனில் அனுப்புகிறாள்.

தொழில் தெரிந்தவர் நீங்கள், உள்விவரம் கேட்பீர்கள் என்பதால் எழுதுகிறேன். ஆரஞ்சுத் தோலில் இருக்கும் லிமோனீன் என்ற எண்ணெய் தனியாக வைத்தால் 176 டிகிரியில்தான் கொதிக்கும். கிராம்பின் யூஜினால் 250ஐத் தாண்டும். பட்டைக்கும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டும். தண்ணீரோ 100இல் கொதிக்கிறது. ஆனாலும் எல்லாம் மணக்கிறதே எப்படி என்றால், தண்ணீரோடு சேர்ந்து கொதிக்கும்போது ஆவி எண்ணெயையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும். ஊட்டியில் தைலம் காய்ச்சுகிறவர்கள் செய்வதும் இதுதான். அவர்கள் குழாய் வைத்துக் குளிர்வித்துப் புட்டியில் பிடிக்கிறார்கள், உங்கள் மகள் குழாய் வைக்காமல் ஹாலில் விடுகிறாள்.

இதில் ஆரஞ்சு அவசரக்காரன். முதலில் ஓடிவந்து மணந்துவிட்டுச் சீக்கிரம் காலியாகிவிடும். பட்டையும் கிராம்பும் நிதானம். அவை வர நேரமாகும், வந்தால் போகாது. அதனால் பழத்தைப் பாதி முதலிலும் பாதி பிறகும் போட வேண்டும். ஏலக்காயைத் தட்டித்தான் போட வேண்டும், முழுக்காய் தோலைப் போர்த்திக்கொண்டு சும்மா மிதக்கும். தீயைப் பெரிதாக வைத்தால் தண்ணீர்தான் தீரும், மணம் கூடாது. பட்டை விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனமே நல்லது. இங்கே சினமன் என்று விற்பது பெரும்பாலும் இந்தோனேசியக் காட்டுப்பட்டை வகை, தடித்த தோல், ஒரே சுருள். அதன் காரமான மணம்தான் இந்த வேலைக்குச் சரி. இலங்கையின் மெல்லிய சுருள்பட்டையை இதில் போட்டால் அம்மா ஃபோனில் உங்களைத்தான் கூப்பிடுவாள், நான் அவள் பக்கம் நிற்பேன்.

குடித்தால் என்ன என்பது அம்மாவின் நிரந்தரக் கேள்வி. கூடாது. கடை ஆரஞ்சுக்குத் தோலில் மெழுகு பூசியிருக்கிறார்கள். ஃபர் கிளை எந்தத் தோட்டத்தில் என்ன மருந்து அடித்து வளர்ந்ததோ. அதோடு, பார்ப்பதற்கு ஃபர் மாதிரியே இருக்கும் யூ என்ற மரம் விஷம். இன்னதென்று தெரியாத பச்சையைப் பாத்திரத்திலேயே போடக் கூடாது. இன்னொரு விதி, அடுப்பை விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. தண்ணீர் வற்றினால் பழத்தின் சர்க்கரை அடிப்பிடித்துக் கருகும், பிறகு கார்த்திகை தீபத்தன்று கேட்ட அதே மேளம். இந்த விஷயத்தில் எங்கள் வீட்டுக்கு அம்மாவைவிட நல்ல காவல் கிடையாது. ஆளில்லாத அடுப்பை அவள் ஜென்மத்தில் நம்பியதில்லை. டைமர் அடிக்கும் முன்பே சொம்பில் தண்ணீரோடு நிற்பாள்.

இந்த ஊர்க்காரர்களுக்கு வாசனைப் பைத்தியம் கொஞ்சம் கூடுதல்தான், அதை நான் மறுக்கவில்லை. பூசணிப் பண்டத்தில் போடுவதற்கென்று பட்டை, சுக்கு, ஜாதிக்காய் கலந்த பொடி ஒன்று 1934இலேயே டப்பாவில் வந்துவிட்டது. 2003இல் அதைக் காப்பியில் போட்டு விற்றார்கள். இப்போது ஆகஸ்ட் முடிவதற்குள் சோப்பு, மெழுகுவத்தி, நாய் பிஸ்கட் வரை அந்த வாடைதான். 2020 குளிர்காலத்தில் வாசனை மெழுகுவத்தி வாங்கியவர்கள், மணமே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று புகார் எழுதிக் குவித்தார்கள். அவர்களில் எத்தனையோ பேருக்குப் பழுதானது மெழுகுவத்தி இல்லை, கோவிட்டில் போன மூக்கு. அந்த மெழுகுவத்தி வாங்குகிற காசுக்கு இந்தப் பாத்திரம் எத்தனையோ மேல் என்பது என் தீர்ப்பு. வாடிய ஆரஞ்சு, ஆப்பிள் தோல், டப்பாவின் அடியில் கிடக்கும் கிராம்பு என்று வீட்டில் கழித்துப் போடுவதே போதும். முதல் நாள் தண்ணீரை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளும் கொதிக்க வைக்கலாம். சிங்க்கில் ஊற்றுவது அதற்குப் பிறகுதான்.

அதையும் அம்மா சும்மா விடுவதில்லை. தண்ணீரை ஊற்றும் முன் பட்டைகளைப் பொறுக்கி எடுத்துக் கழுவி, தரையில் ஹீட்டர் காற்று வருகிற கம்பித் தட்டின் மேல் வரிசையாகக் காயப் போட்டுவிடுகிறாள். இப்போது எங்கள் ஹாலில் நடக்கும்போது பட்டையை மிதிக்காமல் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. மறுபடி மறுபடி கொதித்த பட்டையில் மணம் எங்கே மிச்சம் இருக்கும் என்று கேட்டால், "குருமாவுக்கு அது போதும்" என்கிறாள். நேற்றைய குருமாவில் லேசாக ஃபர் மர வாடை அடித்தது. நான் எதுவும் சொல்லவில்லை. உங்கள் மகளும் தன் அயித்தையிடம் எதுவும் சொல்லவில்லை.

இன்னொரு நல்ல சேதி. ஆவி பிடித்த நன்றிக்கு அம்மா பாட்டிக்கு நம் ஊர்க் காய் ஒரு கை கொடுத்தாள், நீங்கள் துணிப்பையில் தைத்து அனுப்பினீர்களே, அந்த 8 எம்.எம். பச்சை போல்டு. பாட்டி ஒரு காயை உரித்து முகர்ந்தார், இன்னொன்றை உரித்தார், பிறகு தன் வெள்ளைக் காய் டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றிவிட்டார். இந்த வருஷத்து யூலெகாகேயில் போடி ஏலக்காய்தான். முழு ரொட்டி ஒன்று எங்களுக்கும் வந்தது. வெண்ணெய் தடவிச் சாப்பிட்டோம். அம்மா மட்டும், ஏலக்காய் இன்னும் இரண்டு கூடப் போட்டிருக்கலாம் என்றாள்.

ஆகவே மாமா, கோபத்தை விட்டுவிட்டு ஒரு உதவி செய்யுங்கள். பிப்ரவரியில் என் நண்பன் தேனிக்கு வருகிறான். வீட்டுக்கே வந்து உங்களைப் பார்ப்பான். அவனிடம் இரண்டு பொட்டலம் கொடுத்துவிடுங்கள். ஒன்றில் பச்சை போல்டு கால் கிலோ, பாட்டிக்கு. இன்னொன்றில் தரம் பிரிக்கும்போது ஒதுக்குவீர்களே, வெடித்த காய், அது அரைக் கிலோ, உங்கள் மகளின் பாத்திரத்துக்கு. எப்படியும் தட்டித்தானே போடப் போகிறோம். ஆனால் பழைய சரக்கு வேண்டாம், வெடித்த காயில் மணம் நிற்காது என்று நீங்களே சொல்வீர்கள், இந்த சீசனில் ஒதுக்கியதாகப் பார்த்துக் கொடுங்கள். கடையில் கட்டுவதுபோல் ஒட்டி, மேலே ஏலக்காய் என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதிவிடுங்கள், கஸ்டம்ஸில் கேள்வி குறையும்.

கருவாடு மட்டும் இப்போதைக்கு வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிடுங்கள். கோடையில் ஜன்னல் திறந்த பிறகு நானே கேட்டு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை